முந்நூறு மதிப்பெண்ணின் கணக்கு

(நம் முன்னாள் மாணவர் சங்கம் இருக்கன்குடியில் நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'போட்டித் தேர்வில் வெற்றி பெறுவது எப்படி?' என்பது. செயலாளர் என்னை மன்னிக்க வேண்டும். வெற்றி பெறுவது எப்படி என்று பேசுவதற்கு ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்; அதற்குக் கட்டணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதைவிடச் சின்னதாக ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வின் பாடத்திட்டத்தை எப்படி வாசிப்பது என்பதுதான் அது. படிப்பது இல்லை, தம்பிகளா. முதலில் வாசிப்பது.

ஏன் குரூப் 4? நம்ம பக்கத்தில் 'அவ ஆபீஸுக்குப் போயிருக்கா' என்றால் வெளியூர்க்காரர்கள் தாலுகா ஆபீஸ் என்று நினைப்பார்கள். நமக்குத் தெரியும், அது தீப்பெட்டி ஆபீஸ், இல்லையென்றால் பட்டாசு ஆபீஸ். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வளர்த்த தாய்மார்களின் பிள்ளைகள்தான் இந்த மண்டபத்தில் பாதிப்பேர். அந்த ஆபீஸிலிருந்து இந்த ஆபீஸுக்கு வருவதற்குப் பத்தாம் வகுப்புத் தகுதியோடு, நேர்முகத் தேர்வு இல்லாமல், ஒரே ஒரு எழுத்துத் தேர்வில் திறக்கிற கதவு இது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் என்று பல பதவிகள் அதற்குள் வருகின்றன.

இந்தக் கதவு எப்போதும் திறந்து கிடந்ததில்லை. நம் மாகாணத்தில் தேர்வாணையம் 1929-லேயே வந்துவிட்டது; இந்தியாவின் மாகாணங்களில் அதுதான் முதலாவது. ஆனால் கிராமத்தில் என்ன நடந்தது? கணக்குப்பிள்ளை வீட்டில் பிறந்தவர் கணக்குப்பிள்ளை, முன்சீப் வீட்டில் பிறந்தவர் முன்சீப். நமக்கு எத்தனை குழி நிலம் என்பதை அந்த வீட்டுத் திண்ணையில் போய்த்தான் கேட்க வேண்டும். எங்கள் ஐயா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பதவிகளையெல்லாம் தமிழக அரசு ஒழித்தது. 1981-ல் அது சட்டமாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு வந்ததுதான் கிராம நிர்வாக அலுவலர் பதவி. தேர்வு எழுதினால் யார் வேண்டுமானாலும் வரலாம். அப்படி வந்தவன்தான் உங்கள் முன் நிற்கிற நானும். எங்கள் காலத்தில் வி.ஏ.ஓ. தேர்வு தனி, குரூப் 4 தனி. 2017 நவம்பரில் வந்த அறிவிக்கையில் இரண்டையும் ஒன்றாக்கி, 2018 பிப்ரவரியில் தேர்வு நடத்தினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எங்கள் தெருவில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, "அண்ணாச்சி, எம் புள்ள ரெண்டு வருசமா ராப்பகலா படிக்கா, ஒண்ணும் நடக்க மாட்டேங்குதே" என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. எந்தப் புலவர் எந்த நூல், எந்த அடைமொழி யாருக்கு என்று நாலு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறாள். கையில் இருப்பது பெரியம்மா மகள் படித்த பழைய கைடு. "பாடத்திட்டத்தைப் பார்த்தியா, தாயி?" என்றேன். "கைடுலயே எல்லாம் இருக்கும்ல மாமா" என்றாள். அங்கேதான் சிக்கல். பொதுத்தமிழ்ப் பாடத்திட்டம் மாறி, 2025 தேர்வு புதிய திட்டத்தின்படி நடந்துவிட்டது. பழைய திட்டத்தில் இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த் தொண்டும் என்று மூன்று பகுதி; மனப்பாடத்துக்குப் பெரிய இடம் இருந்தது. புதிய திட்டத்தில் இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் சேர்ந்தே 15 கேள்விதான். அந்த நாலு நோட்டும் இந்தப் பதினைந்துக்குள் அடக்கம்!

அதனால், முதலில் தேர்வின் உருவத்தைப் பார்ப்போம். 2025 ஜூலை 12-ஆம் தேதி நடந்த தேர்வை வைத்துச் சொல்கிறேன். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தப்பான விடைக்கு மார்க் கழிப்பது கிடையாது. நேரத்தை வகுத்துப் பாருங்கள், ஒரு கேள்விக்கு 54 விநாடி. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் மூன்று கேள்வி போய்விடும்.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற ஊரில் நின்று பேசுகிறேன். இந்த வினாத்தாளும் இரண்டு ஆறுதான். ஒரு பாதி தமிழ். 100 கேள்வி, 150 மார்க். மறுபாதி பொது அறிவும் கணக்கும். அதுவும் 100 கேள்வி, 150 மார்க். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. தமிழில் 40 சதவீதம், அதாவது 60 மார்க், எடுத்தே ஆக வேண்டும். எடுக்கவில்லையென்றால் உங்கள் மறுபாதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 2021 டிசம்பரில் அரசாணை போட்டு, 2022 தேர்விலிருந்து இப்படி நடக்கிறது. அதற்கு முன்னால் பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம், எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த பிள்ளைக்கு இதைவிடச் சாதகமான மாற்றம் இருக்க முடியாது என்பது என் எண்ணம். வேறு கருத்து உள்ளவர்களும் இருக்கலாம்.

தமிழின் அந்த நூறு எப்படிப் பிரிகிறது? இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் 15. கூட்டிப் பாருங்கள். முதல் மூன்று மட்டும் 55 கேள்வி. அதோடு வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியையும் சேர்த்தால் 70 கேள்வி, 105 மார்க். இந்த 105-க்குப் பெரிய மனப்பாடம் தேவையில்லை. தமிழைப் பிழையில்லாமல் எழுதத் தெரிய வேண்டும், ஒரு பத்தியைக் கொடுத்தால் படித்து விளங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். தினமும் பேப்பரில் ஒரு தலையங்கத்தை வாய்விட்டுப் படித்து, என்ன சொல்லியிருக்கிறது என்று தம்பிக்கோ தங்கச்சிக்கோ சொல்லிப் பாருங்கள். காசு செலவில்லாத பயிற்சி.

எழுதும் திறனில் இளமைப் பெயரும் ஒலி மரபும் வரும். ஆட்டுக்குட்டி, கோழிக்குஞ்சு, கன்றுக்குட்டியோடு வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு டியூஷன் எதற்கு? ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இலக்கணப் பகுதியில் லகர, ளகர, ழகர வேறுபாடு இருக்கிறது. நம்ம பக்கம் பேச்சில் மழையும் 'மள'தான், பழமும் 'பள'ந்தான். நாக்கு எப்படி வேண்டுமானாலும் பேசட்டும், அது நம் ஊர்ச் சொத்து. கண்ணுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் அது வரும். செல்போனில் வீடியோ பார்த்தால் வராது. இலக்கியப் பகுதியிலும் எல்லை இருக்கிறது. திருக்குறளில் 20 அதிகாரங்களைப் பெயர் சொல்லியே கொடுத்திருக்கிறார்கள். 133-ஐயும் ஒப்பித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தமிழுக்கு நல்லது, பரீட்சைக்கு அந்த இருபதை முதலில் முடியுங்கள்.

அடுத்த பாதிக்கு வருவோம். பொது அறிவு 75, திறனறிவும் மனக்கணக்கும் 25. இந்த 75-ல் பொது அறிவியல் எத்தனை தெரியுமா? ஐந்து! புவியியல் ஐந்து. இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. பி.எஸ்சி. படிக்கிற தம்பிகள் கோவித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கோட்டை அறிவியல் என்று அங்கேயே மூன்று மாதம் உட்கார்ந்திருந்தால் கிடைப்பது ஏழரை மார்க். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை என்பது சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைத் தடை செய்தபோது நம் வீடுகளில் அடுப்பு எரியுமா என்று பயந்த கதையும் தெரியும். அதெல்லாம் தெரிந்ததுதான், ஆனால் கேள்வி ஐந்துதான்.

மாறாக, கடைசி இரண்டு அலகும் சேர்ந்து 40 கேள்வி, 60 மார்க். அதில் பாதி நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சர்களில் இரண்டு பேர் நம் மாவட்டத்துக்காரர்கள். காமராஜரை எல்லோரும் சொல்வீர்கள். 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956-ல் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்ட தியாகி சங்கரலிங்கனார் விருதுநகர்க்காரர். அந்தப் பெயர் 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்தது 1985-ல். இவற்றைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு, பிறகு பாடப்புத்தகத்தில் பார்த்தால் மறக்காது. ரேஷன் கடை, சத்துணவு, முதியோர் உதவித்தொகை, மகளிர் சுய உதவிக் குழு என்று நீங்கள் தினமும் பார்க்கிறவைதான் வளர்ச்சி நிர்வாகம் என்ற தலைப்பில் வருகின்றன. எந்தத் திட்டம், எந்த வருஷம், யாருக்கு என்று ஒழுங்குபடுத்திக்கொள்வது மட்டுமே பாக்கி.

கணக்கு 25 கேள்வி, முப்பத்தேழரை மார்க். சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும். 'கணக்கு எனக்கு வராது சார்' என்று சொல்கிற பிள்ளையின் அம்மா, குரோஸ் 144 என்ற கணக்கில் பெட்டி எண்ணி, வாரக்கூலியில் நாலணா குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். 12 பேர் 10 நாளில் முடிக்கிற வேலையை 8 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? 120 ஆள்கூலி, எட்டால் வகுத்தால் 15 நாள். இவ்வளவுதான் தரம். தினமும் பத்துக் கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல், ஆறு மாதம் போட்டால் போதும். நான் பார்த்தவரை, ஒன்றிரண்டு மார்க்கில் தவறவிட்ட பிள்ளைகளில் பலர் இந்த இருபத்தைந்தை ஒதுக்கி வைத்தவர்கள்.

எதைப் படிப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில், பள்ளிப் பாடப்புத்தகம். பாடநூல் கழகம் அதை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. 2018-லிருந்து 2020-க்குள் புத்தகங்கள் மாறிவிட்டன, ஆகவே அக்கா படித்த புத்தகம் ஆகாது. பழைய வினாத்தாள்களையும் விடைகளையும் தேர்வாணையமே தன் தளத்தில் வைத்திருக்கிறது. தேர்வு முடிந்ததும் உத்தேச விடை வரும். தப்பு என்று தோன்றினால் ஆதாரத்தோடு மறுக்க அவகாசம் தருகிறார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, காசு கிடையாது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன்னால் இவற்றையெல்லாம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பயிற்சி நிலையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு அது ஓர் இடம். ஆனால் பாடத்திட்டத்தை வாசித்துவிட்டுப் போகிறவனுக்கு அங்கே என்ன கேட்பது என்று தெரியும்.

விடைத்தாளைப் பற்றிக் கொஞ்சம். 2019 செப்டம்பர் 1 நடந்த குரூப் 4 தேர்வில் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையை வைத்து முறைகேடு நடந்தது வெளியே வந்து, 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஐந்தாவதாக ஒரு வட்டம் வந்தது. விடை தெரியாவிட்டால் அதைக் கருப்பாக்க வேண்டும், எதையும் வெறுமையாக விடக் கூடாது. இந்த விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், நுழைவுச்சீட்டோடு வரும் அறிவுரைப் பக்கத்தை எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுங்கள். கருப்பு மைப் பந்துமுனைப் பேனா மட்டும்தான். ஊருக்கெல்லாம் பேனா நிப்பு செய்து கொடுத்த சாத்தூர்க்காரன் இதைச் சொல்வது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய! 2025-ல் தேர்வு ஒன்பதரைக்கு. ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விடவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு எப்படிக் கூட்டம் வருமோ அப்படி அன்றைக்கு பஸ்ஸில் கூட்டம் இருக்கும். முந்தின பஸ்ஸுக்கே கிளம்பிவிடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒன்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். குரூப் 4-க்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்திருக்க வேண்டும், அதற்குப் படித்த பள்ளிகளிலிருந்து சான்று வேண்டும். அப்பா பட்டாசு வேலை தேடி ஊர் ஊராகப் போன குடும்பத்தில் பிள்ளை மூன்று பள்ளியில் படித்திருக்கும். கடைசி நேரத்தில் ஓட முடியாது, இந்த லீவிலேயே வாங்கி வையுங்கள். அதேபோல, தட்டச்சுப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தால் தட்டச்சர் பதவிக்கும் வழி உண்டு. அங்கே போட்டி குறைவு. மாலையில் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிற பெண்பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள்.

டிகிரி முடிக்கப் போகிறவர்கள் குரூப் 2-ஐயும் சேர்த்துப் பார்க்கலாம். அதற்கு முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். குரூப் 4-க்குப் போட்ட அடித்தளம் முதல்நிலைக்கு உதவும். அதைத் தனியாக ஒருநாள் பேச வேண்டும், இங்கே நேரமில்லை.

கடைசியாக, கசப்பான ஒரு கணக்கையும் சொல்லாமல் இறங்க எனக்கு மனமில்லை. 2018 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 9,351. 2022-க்கு 7,301. 2024-க்கு 6,244. 2025-க்கு 3,935, பின்னால் கொஞ்சம் கூட்டினார்கள். அந்த 3,935-க்கு விண்ணப்பம் போட்டவர்கள் பதிமூன்று லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்துக்கும் மேல். ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர். அது மட்டுமல்ல, 2019-க்குப் பிறகு அடுத்த குரூப் 4 நடந்தது 2022-ல்தான். நடுவில் வேறு எதுவும் செய்யாமல் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வீட்டில் அம்மா கட்டை அடுக்கிச் சோறு போடுவாள். அவளுக்கும் கை எத்தனை நாள் ஓடும்? ஆகவே பெற்றோர்களிடமும் சொல்கிறேன், பிள்ளைகளிடமும் சொல்கிறேன். காலையில் மூன்று மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம் படியுங்கள். நடுவில் ஒரு வேலை, ஒரு தொழில் கையில் இருக்கட்டும். இத்தனை தடவை எழுதுவேன் என்று முதலிலேயே ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மூன்று என்பேன்.

நான் சொன்ன பாடத்திட்டத்தின் தமிழ் நகலை எடுத்து வந்திருக்கிறேன், வாசல் மேஜையில் இருக்கிறது. பத்துப் பக்கம்கூட இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தின் தெற்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஆளுக்கொரு பென்சிலோடு வாருங்கள், அலகு வாரியாகக் கேள்வி எண்ணிக்கையை ஓரத்தில் குறித்துக்கொண்டு போகலாம். எங்கள் தெருப் பிள்ளையும் வந்திருக்கிறாள். அவள் போன மாதமே குறித்து முடித்துவிட்டாள், எனக்கு மூச்சு வாங்கினால் அவள் சொல்லித் தருவாள்.